கணக்குப் பார்க்க வந்த சபாபதி

தலைவரும் பொருளாளரும் கணவன் மனைவி என்று தெரிந்ததும் சபாபதிக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். காலையிலிருந்து துருவியும் அந்த மையத்தின் கணக்கில் ஒரு தப்பும் அகப்பட்டிருக்கவில்லை. டீத்தூள் வாங்கிய சீட்டைக்கூட ஒட்டி வைத்திருந்தார்கள். வேலைக்காலம் முழுக்கத் தணிக்கைத் துறையில் குப்பை கொட்டியவருக்கு, குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுப்பது கைவராத காரியம்.

சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் போகிற வழியில் ஒரு வாடகை வீட்டில் நடந்துவந்தது தாழை ஆட்டிசம் மையம். ஆட்டிசம் உள்ள இருபது சொச்சம் பிள்ளைகள் அங்கே வந்தார்கள். சென்னையில் ஒரு கம்பெனி மையத்துக்கு ஆண்டுதோறும் உதவி தர முன்வந்திருந்தது. அதற்கு முன் வரவு செலவும் நிர்வாகமும் எப்படி என்று பார்த்துச் சொல்லும்படி, ஓய்வு பெற்றுக் கடலூரில் இருந்த சபாபதியைக் கேட்டிருந்தார்கள்.

அந்தப் பணம் வராவிட்டால், பேச்சுப் பயிற்சி தருகிற அனுப்பிரியா புதுச்சேரியில் கிடைத்திருக்கும் வேலைக்குப் போய்விடுவாள். அவளிடம் மட்டுமே வாய் திறக்கிற பிள்ளைகள் அங்கே இருந்தார்கள்.

"செக்குல ரெண்டு கையெழுத்து எதுக்கும்மா? ஒருத்தர ஒருத்தர் கவனிக்கத்தான். புருஷனும் பொண்டாட்டியும் போட்டா அது ஒரே கையெழுத்துதான்" என்றார் சபாபதி, மையத்தை நிறுவிய லோகநாயகியிடம். அவருக்கு எப்போதுமே மேடைக் குரல்.

பக்கத்து அறையில் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டது. லோகநாயகியின் மகன் சித்தார்த், வளர்ந்த இளைஞன், எழுந்து வந்து சபாபதியின் முன்னால் ஒரு பட அட்டையை வைத்துவிட்டுப் போனான். உதட்டில் விரல் வைத்த படம். கீழே 'மெதுவாக' என்று எழுதியிருந்தது. சபாபதி குரலைத் தாழ்த்திக்கொண்டார். எத்தனையோ மேலதிகாரிகள் சொல்லியும் நடக்காத காரியம் அது.

லோகநாயகி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "நீங்க சொன்னா சரிங்க சார்" என்றார்.

பொருளாளர் பட்டம்மாளுக்குப் போன் போனது. உடனே வந்தார். ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டு, அலமாரிச் சாவியைச் சபாபதியின் கையில் வைத்தார். மனசு சங்கடப்படுமே என்று ஆறுதல் சொல்லப்போன சபாபதி, அந்த அம்மாள் படியிறங்கும்போது ஏதோ பாட்டை முணுமுணுப்பதைக் கேட்டுக் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

மாதம் பிறந்ததும் சிக்கல் ஆரம்பித்தது. பொருளாளர் கையெழுத்து இல்லாத செக்கை பாங்கில் திருப்பிவிட்டார்கள். சம்பளம் வராத அனுப்பிரியா, அறிக்கை போகும் முன்பே புதுச்சேரி பஸ் ஏறிவிடுவாள் போலிருந்தது. தன்னால் வந்த வினை என்று சபாபதி மறுபடி சிதம்பரத்துக்குக் கிளம்பி வந்தார். செயலாளர் சார்லஸே பொருளாளர் வேலையையும் சேர்த்துப் பார்க்கட்டும் என்று யோசனை சொன்னார். எல்லோருக்கும் சம்மதம்.

சார்லஸ், சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக்காரர். பிள்ளைகளை ஏற்றி வருகிற வேன் அவருடையது. வேன் வாடகைக்கு அவரே செக் எழுதியபோதுதான் சபாபதிக்கு உறைத்தது, கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே ஆள் என்று. அது கணவன் மனைவி கையெழுத்தைவிட மோசம். இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள் என்று சார்லஸிடம் பக்குவமாகச் சொன்னார். சார்லஸ் நியாயஸ்தர். வேனை நிறுத்திவிட்டார்.

மறுநாள் கிள்ளைப் பக்கத்துப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. தினமும் நடப்பது நடக்காமல் போனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தாங்காது. ஒரு சிறுமி பையை மாட்டிக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் வாசலிலேயே நின்றாளாம். அவளுடைய அம்மா இலக்கியா போனில் சொன்னார். மையத்தில் சமையலுக்கும் டீக்கும் ஒத்தாசை செய்கிறவர் அவர். கோபமாகப் பேசியிருந்தால் சபாபதி பதிலுக்கு ஏதாவது விதியைச் சொல்லியிருப்பார். இலக்கியாவோ, "நாளைக்காச்சும் வேன் வருமாங்க சார்? அவகிட்ட என்னான்னு சொல்றது?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் விடிந்ததும் சபாபதி தன் காரை எடுத்துக்கொண்டு கடலூரிலிருந்து புறப்பட்டு, பு.முட்லூரில் திரும்பிக் கிள்ளைக்குப் போனார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மையத்தில் விட்டார். அதற்கடுத்த நாளும் போனார்.

முன்சீட்டு இலக்கியாவின் மகளுக்கு. ரேடியோ போடக்கூடாது. ஒரு நாள் சாலையில் தார் போடுகிறார்கள் என்று வேறு பக்கம் திருப்பினார். வண்டிக்குள் எழுந்த அழுகையில் ரிவர்ஸ் எடுத்து, பழைய சாலைக்கே வந்து, ரோலர் ஒதுங்குகிறவரை பிள்ளைகளோடு காத்துக்கிடந்தார். வீட்டில் அவர் மனைவிக்கு வேறு கவலை. இந்த மனுஷன் சில நாளாகக் குரலை உயர்த்துவதே இல்லை, உடம்புக்கு ஏதாவது பண்ணுகிறதோ என்று டாக்டரிடம் கூப்பிட்டார்.

சபாபதி படுகிற பாட்டைச் சார்லஸால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. செயலாளரும் வேண்டாம், பொருளாளரும் வேண்டாம், எனக்கு வேன் போதும் சார் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பழையபடி வண்டியை எடுத்துவிட்டார். பிள்ளைகள் வந்தார்கள். இப்போது மையத்துக்குச் செயலாளரும் இல்லை, பொருளாளரும் இல்லை. அனுப்பிரியாவுக்குச் சம்பளமும் இல்லை.

ஆள் சேர்க்க ஒரு கூட்டம் போட வேண்டும். அழைப்பு அனுப்ப யாருக்கும் தெரியாததால் சபாபதியே எழுதி அனுப்பினார். கூட்டத்துக்கு லோகநாயகியும், பட்டம்மாளின் கணவரான தலைவர் கோவிந்தசாமியும் வந்து உட்கார்ந்தார்கள்.

"மூணு பேர் இல்லாம கூட்டம் செல்லாதுங்களே" என்றார் சபாபதி. அதைச் சொன்னதே அவர்தான்.

கோவிந்தசாமி கூரையைப் பார்த்தார். லோகநாயகி டீயை நகர்த்தி வைத்துவிட்டு, "யாரையாச்சும் தற்காலிகமா சேத்துக்க விதி எதாவது இருக்குதுங்களா சார்?" என்று கேட்டார்.

இருந்தது. மையத்தை நடத்துகிற அறக்கட்டளையின் பத்திரத்தைப் புரட்டி, அந்த விதியை விரல் வைத்துக் காட்டியவரும் சபாபதிதான்.

அந்த வாரமே அனுப்பிரியாவுக்குச் சம்பளம் போனது. பொருளாளர், தற்காலிகம் என்று போட்டு, கீழே சபாபதி அழகாகக் கையெழுத்திட்டிருந்தார். சம்பளத்தை வாங்கிக்கொண்ட அனுப்பிரியா புதுச்சேரிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டுச் சந்தோஷமாகக் கடலூருக்குக் காரை ஓட்டினார். ஆலப்பாக்கம் தாண்டும்போதுதான் அது மண்டையில் இடித்தது. வண்டியை ஓரம் கட்டினார்.

கணவனும் மனைவியும் ஒரே கையெழுத்து என்றவர், இப்போது தன் கையெழுத்துக்குத் தானே அறிக்கை எழுத வேண்டும். அவருடைய அனுபவத்தில் இப்படி ஒரு முறைகேட்டைப் பார்த்ததே இல்லை.

மறைக்கத் தெரியாத மனிதர். சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டு நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டார். திட்டுவார்கள் என்று காத்திருந்தார். அந்தப் பக்கத்து அம்மாள் திட்டவில்லை. உங்களைப் போன்றவர் உள்ளே இருப்பது நல்லதுதான் என்று முதல் தவணையை அனுப்பிவைப்பதாகச் சொன்னார். ஆனால் அடுத்த தவணைக்கு அறிக்கை கட்டாயம் வேண்டும். அதற்கு வெளியாள் ஒருவரை அனுப்புவோம் என்றும் சொன்னார்.

வந்தவர் பெண்ணாடம் தங்கராசு. கரும்பு ஆலையில் கணக்கு அதிகாரியாக இருந்தவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சீட்டாகப் புரட்டினார். முகம் வரவர வாடியது. மதியத்துக்கு மேல் திடீரென்று அந்த முகத்தில் ஒரு வெளிச்சம்.

செயலாளரே இல்லாமல் ஒரு அறக்கட்டளையா என்று அவர் லோகநாயகியிடம் கேட்டது அடுப்படி வரைக்கும் கேட்டது. சபாபதி எழுந்து அடுப்படிக்குப் போனார். டீ ஆற்றிக்கொண்டிருந்த இலக்கியாவிடம் போய் நின்றார்.

"இந்த மனுஷன் என்னா எழுதப்போறாரோ தெரியலியேம்மா. கண்ணு ரொம்ப கூர்மையா இருக்குது."

இலக்கியா தங்கராசுவின் டம்ளரில் மட்டும் சர்க்கரையை ஒரு கரண்டி ஜாஸ்தியாகப் போட்டுக் கலக்கினார்.

"இவரு எங்க சார் எழுதப்போறாரு? கோவிந்தசாமி சாரும் நம்ப கணக்குல குத்தம் கண்டுபுடிக்கணும்னுதான் மொதல்ல வந்தாரு, தலைவராயிட்டாரு. இப்ப செயலாளர் எடம்தான காலியா இருக்குது."