பெயரில்லாத விளையாட்டில் கையெழுத்துப் போட்டவன்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

இங்கு எல்லோரும் சௌக்கியம். என் சௌக்கியம் மட்டும் உங்கள் கோபம் தணிவதைப் பொறுத்து இருக்கிறது.

நீங்கள் குடும்பக் குழுவை விட்டு வெளியேறியதிலிருந்து உங்கள் மகள், அதாவது என் மருமகள், சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரு சமூக வலைத்தளத்துக்காக அவள் அந்த விளையாட்டை எவ்வளவு பாடுபட்டுச் செய்தாள் என்பது உங்களுக்கே தெரியும். ஒருவரைப் பற்றிக் குறும்பாக ஒரு கேள்வி வரும். மற்றவர்கள் பெயரில்லாமல் பதில் எழுத வேண்டும். எது சிரிக்க வைக்கிறதோ அதற்கு எல்லோரும் வாக்குப் போட வேண்டும். வெள்ளோட்டத்துக்கு நம் குடும்பமே போதும் என்று யோசனை சொன்ன மகானுபாவன் நான்தான். முதல் கேள்வியே உங்களைப் பற்றி: லிஃப்டில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வார்? ‘தலைமையுரை ஆற்றுவார், கதவு திறந்தாலும் முடிக்க மாட்டார்’ என்று எழுதினேன். எழுதியதோடு நிறுத்தினேனா? வேலைக்காலம் முழுவதும் தலைமை எழுத்தராக இருந்த கை, அடியில் ‘இப்படிக்கு’ போட்டுப் பெயரையும் பதவியையும் சேர்த்துவிட்டது. வாக்குப் போடும்போது முதல் வரி மட்டும் தெரிந்ததால் யாரும் கவனிக்கவில்லை. ஜெயித்த பதிலை முழுசாகத் திறந்து காட்டியபோது என் மானம் கப்பலேறியது.

“ஏன் மாமா, பேரே வரக்கூடாதுன்னுதானே ராப்பகலா உக்காந்து செஞ்சேன்?”

“கையெழுத்து இல்லாம நான் என்னைக்கும்மா ஒரு காகிதம் அனுப்பியிருக்கேன்?”

இப்போது விளையாட்டையே கைவிடப்போகிறாளாம். “எங்கப்பாவையே சிரிக்க வைக்க முடியல, ஊரை எங்க மாமா சிரிக்க வைக்கறது?” என்கிறாள்.

ஒன்று மட்டும் சொல்லட்டுமா? விளையாடியவர்கள் உங்களையும் சேர்த்து ஆறு பேர். சொந்தப் பதிலுக்கு வாக்குப் போட முடியாது. எனக்கு விழுந்தது ஐந்து. கணக்குப் போட்டுப் பாருங்கள், சம்பந்தி.

போகட்டும். நான் எழுதியது சுத்தப் பொய். உங்கள் பேச்சு எப்போதும் ரத்தினச் சுருக்கம். இனி அந்த விளையாட்டின் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். மகள் முகத்துக்காகவாவது திரும்பி வாருங்கள். வீட்டில் அம்மாவுக்கு என் வணக்கத்தையும், குழந்தைகளுக்கு ஆசியையும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி,
தலைமை எழுத்தர் (ஓய்வு)

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மருமகள் ஓடி வந்து கைபேசியை நீட்டினாள். யாரோ விளையாட்டை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டால் நான் என்ன செய்வேன் என்று கேள்வி. ‘கதவைத் தட்ட மாட்டார், திறக்கக் கோரி மனு எழுதுவார்’ என்று ஒரு பதில். விழுந்து விழுந்து சிரித்து முதல் வாக்கை நானே போட்டேன். அதுவே ஜெயித்தது. முழுசாகத் திறந்தால், அடியில் ‘இப்படிக்கு, உங்கள் சம்பந்தி’. உங்கள் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பெல்லாம் ரத்து. உங்கள் பேச்சு நீளம்தான்.