நடு ஜன்னலின் இடப்பாதி உரிமையாளருக்கு

உஸ்தியேவ்,
கரையோரத் தெரு, 14-ஆம் எண் வீட்டின் வலப்பாதி.
செப்டம்பர் 19

உயர்திரு இன்னொகென்தி அர்ஸேனியெவிச் அவர்களுக்கு,

மேற்படி வீட்டின் இடப்பாதிக்கும், இரண்டு பாதிக்கும் பொதுவான நடு ஜன்னலின் சரிபாதிக்கும் சட்டப்படி உரிமையாளரான தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலமே. இது கடித முறைமைக்காக எழுதியது; இரண்டையும் தாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மூர்மன்ஸ்கிலிருந்து முத்திரையெல்லாம் குத்தித் தாங்கள் அனுப்பிய அறிவிப்பு நேற்று வந்தது. தங்கள் பாதியை விற்கப் போவதாகவும், கூட்டு உரிமையாளன் என்பதால் முதலில் என்னைக் கேட்பதாகவும், அறிவிப்பு என் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் நான் வாங்கிக்கொள்ளாவிட்டால் எட்வார்ட் என்ற மாஸ்கோக்காரருக்குக் கொடுத்துவிடப் போவதாகவும் அதில் கண்டிருக்கிறது. பதினோரு வருடத்தில் தாங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் இது. அதில் என் பிறந்த தேதி பதினெட்டு என்று இருக்கிறது. பதினேழு. கூடப் பிறந்தவருக்கு இது தெரிந்திருக்கும் என்று நான் நினைத்தது என் தவறு.

தபால்கார கபா அக்காதான் கொண்டுவந்தார். வாசலில் நின்றபடியே நான் கையை நீட்டினேன். “வாசப்படிக்கு மேல குடுக்கமாட்டேன், நகருப்பா” என்று என்னை இடித்துக்கொண்டு உள்ளே வந்து, மேஜையில் உட்கார்ந்து, தேநீர் வாங்கிக் குடித்து, என் கண்ணாடி அகப்படாததால் அறிவிப்பைத் தானே பிரித்துச் சத்தமாகப் படித்தார். “ஏம்ப்பா வலெரியான், உன் தம்பி கேஷா ‘ஐயா அவர்களுக்கு’ன்னு போட்டிருக்கான். செத்துகித்துப் போயிட்டியா நீ?” என்றார். ரசீதில் கையெழுத்துப் போட அவர் தந்த பேனா எழுதவில்லை. என் பேனாவும் எழுதவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதனால் மனதில் நின்றதை வைத்தே இந்தப் பதிலை எழுதுகிறேன். நன்றாகவே நின்றிருக்கிறது.

பதிலுக்கு முன்னால், தாங்கள் விற்கப் போகும் சொத்தின் இன்றைய நிலையைத் தெரிவிப்பது என் கடமை. நீங்கள் மூர்மன்ஸ்க் போன பிறகு, இந்த நாலு வருடத்தில் நம் ஊர் சுற்றுலாக்காரர்களின் வழியில் சேர்ந்துவிட்டது. பேருந்தில் வந்து இறங்கிக் கோட்டை மதில், ஐந்து குமிழ்க் கோயில், களிமண் ஊதல் செய்யும் பட்டறை, லேஸ் பின்னும் கூடம் என்று பார்த்துக்கொண்டே, பதினொன்று இருபதுக்கு நம் வீட்டு முன்னால் வந்து நிற்பார்கள். நமக்கு அடுத்தது மதியச் சாப்பாடு என்பதால் பாதிப் பேர் பசியோடு நிற்பார்கள். வழிகாட்டி இங்கா என்ற பெண், நடு ஜன்னலைக் காட்டுவாள். ஜன்னலுக்கு மேலே சிற்பம் செதுக்கிய தலைப்பலகையில் எதிரெதிரே உட்கார்ந்து சிரிக்கிற இரண்டு சிங்கங்களில் என் சிங்கம் பச்சை, உங்கள் சிங்கம் நீலம், நடுவில் நூல் பிடித்த மாதிரிக் கோடு. எல்லாரும் படம் எடுப்பார்கள். இருபத்திரண்டு வருடம் இந்த ஊர் ஜன்னல்களை அளந்து, வரைந்து, பட்டியல் போட்ட என்னை ‘பதவி தேவையில்லை’ என்று வெளியே அனுப்பிய அருங்காட்சியகம், இப்போது அதே ஜன்னலைக் குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தமாகச் செய்து வாசலில் விற்கிறது. ஒன்று வாங்கினேன். ஆராய்ச்சிக்காக.

முதல் கோடையில் இங்கா சொன்ன கதையைக் கேட்டு எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. அண்ணனும் தம்பியும் ஒரே பெண்ணைக் காதலித்தார்களாம், அவள் இருவரையும் விட்டு ஆற்றில் குதித்தாளாம். ஜன்னலின் மேல்கதவைத் திறந்து தலையை நீட்டி, “பொண்ணு யாரும் இல்ல! பெயின்ட்டு! பெயின்ட்டுக்காகத்தான் சண்டை!” என்று கத்தினேன். நாற்பது பேரும் கைதட்டினார்கள். நானும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். பிறகு இங்கா தனியாக வந்து, “ஐயா, கோவிச்சுக்காதீங்க. பொண்ணுக்காகன்னா ஜனங்க நம்புவாங்க. ஜன்னலுக்கு என்ன நிறம் அடிக்கிறதுங்கிறதுக்காக ரெண்டு பெரிய மனுஷங்க வருஷக்கணக்கா பேசாம இருக்காங்கன்னு சொன்னா, என்னைப் பொய் சொல்றேன்னு எழுதிப் போட்டிருவாங்க” என்றாள். இதற்கு என்ன பதில் என்று உனக்குத் தெரிந்தால் நீயே சொல்.

அன்று முதல் தினம் ஒரு திருத்தமாவது சொல்வது என்று வைத்துக்கொண்டேன். சிங்கத்தின் வால் இலையாக முடிவது ஏன், உளியின் அகலம் எவ்வளவு. கேட்கிறவர்கள் கேட்பார்கள். ஒருநாள் கருவாடு மாதிரி ஒல்லியான ஒரு கிழவர், “ரெண்டு பேர்ல நீங்க யாருங்க?” என்றார். பச்சை என்றேன். “நீலம் எங்க?” என்றார். நான் என்ன சொல்ல? நாலு வருடத்துக்கு முன் மகள் வீட்டுக்குப் போனான், போகிறேன் என்று கூடச் சொல்லவில்லை, வண்டி வந்து நின்ற சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டேன் என்று வேலிப்பக்கம் நிற்கிற அந்நியரிடம் சொல்லவா? “தூங்குறான்” என்று சொல்லிவிட்டேன். “பகல்லயா?” “ராத்திரி வேலை.” அவ்வளவுதான். மறுநாள் முதல் இங்கா உன் பாதிக்கு முன்னால் வந்ததும் உதட்டில் விரலை வைத்து, “சத்தம் போடாதீங்க, தம்பி தூங்குறாரு” என்கிறாள். நாற்பது பேர், சில நாள் அறுபது பேர், காலியான வீட்டு முன்னால் பூனை மாதிரி அடிமேல் அடிவைத்து நடக்கிறார்கள், கேஷா. குழந்தை அழுதால் வாயைப் பொத்துகிறார்கள். ஒரு அம்மாள் ஊதல் ஒன்றை உன் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, “எந்திரிச்சா குடுங்க, பாவம்” என்றாள். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே என்று உன் பக்கத்தில் திரை மாட்டினேன். அந்தி சாய்ந்தால் விளக்குப் போடுகிறேன். காலையில் போய் அணைக்கிறேன். நீ வேலையிலிருந்து வந்து படுக்கிற நேரம் அது.

உன் பாதி வண்ணம் உரிந்து தொங்கியபோது நிலைமை இன்னும் மோசமானது. “நீலத் தம்பி சோம்பேறி போலிருக்கு” என்று ஒருவன் சொன்னான். இந்தக் குடும்பத்தைப் பற்றி ஊர் பேசுவது போதாதா? போன வருடம் ஏணி வைத்து உன் பாதியைச் சுரண்டி நீலம் அடித்தேன். கோட்டைத் தாண்டாமல் அடித்தேன், அதை யாரும் குறை சொல்ல முடியாது. பாசத்தில் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பச்சைப் பக்கம் மட்டும் நன்றாக இருந்தால் நான் பீற்றிக்கொள்கிறேன் என்பார்கள்.

அந்த வேலையில்தான் ஒரு துர்ப்பாக்கியமும் நடந்தது. அதன் முன்கதை உனக்கு ஞாபகம் இருக்கும். அம்மா காலமான கோடையில் நான் ஒன்பது அடுக்கு வண்ணத்தைச் சுரண்டி, அடியில் இருப்பது பச்சை, கட்டியபோது ஜன்னல் பச்சைதான் என்று கண்டுபிடித்தேன். நீ, “அண்ணே, அம்மா இருந்தப்ப நீலம். எனக்கு அது போதும்” என்றாய். நான் உன்னைப் படிக்காதவன் என்றேன். நீ நீலம் அடித்தாய், நான் பச்சை அடித்தேன், நடுவில் வந்து முட்டிக்கொண்டோம். அன்று சாயங்காலம் மிச்ச நீல டப்பாவை வெளியே நின்றபடி என்னிடம் நீட்டினாய், “மனசு மாறினா அடிச்சுக்க” என்று. வாசற்படிக்கு மேல் எதையும் கொடுக்காதே, வாங்காதே, சண்டை வரும் என்று அம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பாள். நான் படித்தவன் இல்லையா, வாங்கிக்கொண்டேன். வாங்கி உன் காலடியிலேயே எறிந்தேன்.

போன வருடம் உன் பக்கம் சுரண்டும்போது ஆக அடியிலிருந்து ஒரு செதில் கழன்று விழுந்தது. நல்ல பச்சை. பார், உன் பக்கத்திலும் பச்சைதான் என்று சந்தோஷமாக அதை எடுத்து, இங்காவிடம் காட்டலாம் என்று ஜன்னல் விளிம்பில் வெயிலில் வைத்தேன். வைத்து மறந்துபோனேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அது நீலம். யாரும் மாற்றி வைக்கவில்லை, அதே செதில்தான். பழைய வண்ணத்தில் கலந்த ஆளிவிதை எண்ணெய் இருட்டில் கிடந்தால் மஞ்சளாகும், மஞ்சளுக்குப் பின்னால் நீலம் பச்சையாகத் தெரியும், வெயில் பட்டால் மஞ்சள் போய்விடும். இது துறையில் இருக்கிற சின்னப் பயலுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். இருபது வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நீ சரியாகச் சொன்னாய் என்று இதற்கு அர்த்தமில்லை. தற்செயலாகச் சரியாக இருந்தாய். ஆராய்ச்சியில் அதற்கு மதிப்பில்லை.

எட்வார்ட் போன வாரம் இடம் பார்க்க வந்தார். மீசை இல்லாத, வாசனையான ஆள். குளிருக்கு வீட்டையே சூடாக்கும் நம் அடுப்பை டேப்பால் அளந்தார். வீட்டைப் பிரித்தபோது அடுப்பு வாய் என் பக்கமும், மேலே படுக்கிற சூட்டுத்திண்டு உன் பக்கமுமாகப் போனதே, அந்த அடுப்பை. “இதை இடிச்சுட்டா ஒரு குளியல் அறை, நீராவி அறை எல்லாம் போட்டிரலாம் அண்ணே. ஜன்னலுக்குப் பிளாஸ்டிக். சிங்கத்தை அளவெடுத்து மெஷின்ல வெட்டி ஒட்டிக்கலாம், ஒரே மாதிரி ரெண்டும் சாம்பல் நிறத்துல. உங்க பாதியையும் யோசிச்சுச் சொல்லுங்க” என்றார். பிறகு உன் பக்கத்துச் சுவரில் கையை வைத்து, “நாலு வருஷமா ஆள் இல்லாத வீடுன்னு சொன்னாங்க? சூடா இருக்கே?” என்றார்.

“கட்டடக் கலை” என்றேன்.

வேறு என்ன சொல்ல, கேஷா? இந்த அடுப்பை என் பக்கம் மட்டும் எரிய வைக்க முடியாது. விறகு நான் வெட்டுகிறேன், தீ நான் மூட்டுகிறேன், சூடு முழுக்க உன் திண்டில் போய்ப் படுத்துக்கொள்கிறது. சண்டைக்குப் பிறகு நீ இங்கே இருந்த ஏழு வருடமும் அடுப்பு புகைந்தால் சுவரை இரண்டு தட்டுத் தட்டுவாய், நான் புகைபோக்கியைத் திறப்பேன். அதுதான் நம் பேச்சு. விடியற்காலையில் உன் இருமலைக் கேட்டு, இவனுக்கு வேறு நேரமே கிடைக்காதா என்று தலையணையை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன். இப்போது தலையணை தலைக்குக் கீழேயேதான் கிடக்கிறது. போன குளிரில் ஒருநாள் அடுப்பு புகைந்தது. புகைபோக்கியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கண் எரிந்தது. பிறகு நானே எழுந்து போய் என் பக்கத்துச் சுவரை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திறந்தேன். வயதானால் எல்லாருக்கும் இப்படி ஏதாவது பழக்கம் வரும்.

நிற்க. அறிவிப்புக்கு என் பதில் வருமாறு: தங்கள் பாதியை வாங்கும் வசதி எனக்கில்லை. முதலில் வாங்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன். எட்வார்டுக்கோ வேறு யாருக்கோ தாங்கள் தாராளமாக விற்கலாம். அடுப்பை இடிப்பதா என்பது வாங்குகிறவர் விருப்பம். சிங்கம் சாம்பல் நிறமாக இருக்கும்போதும் சிரிக்கும் என்றே நினைக்கிறேன். எனக்கு இதில் எந்தத் தடையும் இல்லை, வருத்தமும் இல்லை.

தங்களுக்கும், தங்கள் மகளுக்கும், நான் பார்த்திராத பேரப்பிள்ளைக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளைத் தரட்டும். மூர்மன்ஸ்கில் காற்று அதிகம் என்று வானொலியில் சொல்கிறார்கள். மார்பை மூடிக்கொண்டு வெளியே போகவும்.

இப்படிக்கு,
வலப்பாதியின் சட்டபூர்வ உரிமையாளர்,
உன் அண்ணன்,
வலெரியான்

பின்குறிப்பு: இதை உறையில் போடும்போது கபா அக்கா ரசீதோடு வந்தார். இன்று பேனா எழுதியது. நான்தான் கையெழுத்துப் போடவில்லை. “ஆள் இல்லைன்னு எழுதித் திருப்பி அனுப்புங்க அக்கா” என்றேன். “எதிர்ல நிக்கிற, ஆள் இல்லைன்னு எப்படிப்பா எழுதுறது?” என்றார். “நாலு வருஷமா இந்த வீட்ல ஆள் இல்ல, தைரியமா எழுதுங்க” என்றேன். தான் பிரித்த உறையை நாக்கால் ஈரம் செய்து ஒட்டி, அதன் மேல் எழுதினார். ஆகவே உன் அறிவிப்பு எனக்குக் கிடைக்கவில்லை. அந்த ஒரு மாதமும் தொடங்கவில்லை. கிடைக்காத அறிவிப்புக்கு யாரும் பதில் எழுத முடியாது என்பதால் மேலே உள்ளது எதையும் நான் எழுதவில்லை. சட்டத்துக்கு அறிவிப்பு என் கைக்கு வந்தாக வேண்டும். தபாலை நம்புவதில் பயனில்லை என்று உனக்கே இப்போது தெரிந்திருக்கும். நேரில் கொண்டுவந்து கொடு. பதினொன்று இருபதுக்கு வராதே, கூட்டம் இருக்கும், நீ தூங்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் நின்று நீட்டினால் வாங்கமாட்டேன். உள்ளே வந்துதான் கொடுக்க வேண்டும்.