மிளகாய்க் கிட்டங்கிக்கு வெளியே ஒரு நாற்காலி

தணிக்கை என்பது யாரையும் நம்பாமல் பார்க்கும் வேலை. எனக்கு அது வராது. இந்த உலகத்தில் நான் நம்பாத ஒரே ஆள் நான்தான். (அடுப்பை அணைத்தேனா என்று தெரு முனையிலிருந்து திரும்பி வருகிறவள்.) அப்படிப்பட்ட என்னை நம்பி ஒரு நல்ல மனிதர் கெட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலி டவுணில் ஓர் ஆடிட்டரிடம் வேலை பார்த்தேன். பி.காம். முதல் வகுப்பு, வீட்டில் மாமியாரிடம் ஆறு மாதப் பெண் குழந்தை. பம்பாய்ப் பங்குச் சந்தையில் பெரிய மோசடி நடந்து, ரிசர்வ் வங்கி விழித்துக்கொண்ட காலம். வங்கிக் கணக்குகளை வெளி ஆடிட்டர்கள் மாதாமாதம் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு வங்கிக் கிளை எங்கள் சாருக்கு வந்தது. கடனுக்கு ஈடாகக் காட்டிய சரக்கு உண்மையிலேயே கிட்டங்கியில் இருக்கிறதா என்று பார்த்து வருவது என் பொறுப்பு.

தச்சநல்லூரில் ஒரு மிளகாய் வற்றல் வியாபாரி. நீயே உள்ளே போய் எண்ண வேண்டும், நடு வரிசையில் நாலு மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று சார் சொல்லித்தான் அனுப்பினார். நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரம் தாண்டியிருந்தது. சேலை முன்பக்கம் நனைந்து, ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். வியாபாரி அண்ணாச்சி கவனிக்கவில்லை. அவர் மனைவி கவனித்துவிட்டார்.

"பிள்ளைக்குப் பால் குடுக்கவளா? வத்த நெடிக்குள்ள போவாத தாயி. காந்தல் பால்ல எறங்கும். பிள்ளைக்கு வயித்தால போவும்."

முதல் வகுப்பு பி.காம். அந்த இடத்திலேயே கரைந்தது. அந்த வாரம்தான் குழந்தைக்கு வயிறு சரியில்லாமல் இருந்து, நான் தின்ற மாம்பழம்தான் காரணம் என்று அழுது முடித்திருந்தேன்.

வாசலில் நாற்காலி வந்தது. ஒரு தம்ளர் பாலும் வந்தது. அண்ணாச்சி உள்ளே போய், "லாபம்... ரெண்டு... மூணு..." என்று ராகம் போட்டு எண்ணினார். (வியாபாரிகள் ஒன்று என்று தொடங்குவதில்லை.) வெளியே உட்கார்ந்தபடி நான் கோடு போட்டேன். முந்நூற்று நாற்பதில் ராகம் நின்றது. நாலு மூட்டைகளைத் தூக்கி வந்து என் காலடியில் பிரித்தார்கள். அருமையான வற்றல். ஒன்பது தும்மல் போட்டேன். என் மூக்கே சான்றிதழ் கொடுத்துவிட்ட திருப்தி.

பஸ்ஸில் ஏறியதும் மனசு அரித்தது. இறங்கித் திரும்பிப் போகலாமா? மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. குழந்தை அழுதுகொண்டிருப்பாள். இறங்கவில்லை.

சார் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உள்ள போயி பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்."

எதையும் மூன்று முறை யோசிக்கிறவள் யோசிக்காமல் சொன்னது அது ஒன்றைத்தான். அவர் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கள் அந்தக் கிட்டங்கிக்குள் போனார்கள். முன் வரிசை வற்றல். அதற்குப் பின்னால் சுவர் வரைக்கும் உமி. (உமியைத்தான் அவ்வளவு ராகமாக எண்ணியிருக்கிறார்.) வியாபாரி ஊரில் இல்லை. வங்கி மேனேஜரைத் தற்காலிகமாக நீக்கினார்கள். சாரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

அவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், நனைந்த சேலை உட்பட. தலைநிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து யாரு போட்டா?"

"நீங்க சார்."

"பெறவு என்ன. போயி பிள்ளையப் பாரு."

அவர் எழுதிய விளக்கத்தில் என் பெயர் இல்லை. வங்கிகள் ஒவ்வொன்றாக அவரைத் தங்கள் பட்டியலிலிருந்து எடுத்தன. அலுவலகத்தில் நான்கு மேசைகள் இரண்டாயின. காலியானதில் ஒன்று என்னுடையது. அவர் போகச் சொல்லவில்லை. என்னால்தான் அங்கே உட்கார முடியவில்லை.

வீட்டில் இது வேடிக்கையாகிவிட்டது. குழம்பில் உப்புச் சரியாக இருக்கிறது என்று நான் சொன்னால், "அப்பம் நான் கையெழுத்துப் போடலாமா?" என்பார் என் வீட்டுக்காரர். மாமியார் அதற்கு வாய்விட்டுச் சிரிப்பார். இப்போது ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளும் கற்றுக்கொண்டாள்.

போன மாதம் ரத வீதியில் நானும் மகளும் சாரைப் பார்த்தோம். இளைத்திருந்தார். கையிலிருந்த பையில் சில்லறைக் கடைகளின் விற்பனை வரித் தாள்கள்.

"நல்லா இருக்கியாம்மா?"

"நல்லா இருக்கேன் சார்."

உடனே மகள் தலையைத் தூக்கி, "அப்பம் கையெழுத்துப் போடலாமா?" என்றாள்.

நான் அவள் வாயைப் பொத்தினேன். அவருக்கு ஒரு கணத்தில் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். பிறகு அவளிடம் குனிந்து சொன்னார்: "போடு பிள்ள. ஆனா அம்மைகிட்ட ரெண்டு தடவ கேட்டுட்டுப் போடு. நான் ஒரு தடவதான் கேட்டேன்."

அன்றிலிருந்து வீட்டில் என்னிடம் எதையும் இரண்டு தடவை கேட்கிறார்கள். இரண்டாவது தடவை நான் பெரும்பாலும் பதிலை மாற்றித்தான் சொல்கிறேன்.