கசிவு பார்க்கப் போனவர்

இந்த முறை மனைவியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருவதில்லை என்று குழாய்க்காரர் முடிவெடுத்திருந்தார். கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் ரத்த அழுத்தம் என்று அவளை அங்கே படுக்கவைத்துவிட்டார்கள். அத்தனை நாளும் அவர் டீயை இரண்டு டம்ளரில் ஊற்றி, இரண்டையும் தானே குடித்தார்.

இப்போது எட்டாம் மாதம். காலையில் அவள் எழுந்து நின்றதும் நைட்டி நனைந்தது. மாற்றினாள். அதுவும் நனைந்தது.

"பனிக்குடம் உடைஞ்சிருக்குமோன்னு பயமா இருக்குங்க."

அவர் அசரவில்லை. குழந்தை மூத்திரப்பையை அழுத்துகிறது, அவ்வளவுதான் என்றார். எத்தனை கசிவு பார்த்தவர். எதுவானாலும் நன்றாகத் துடைத்துவிட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவசரப்பட்டு இடிக்கக் கூடாது. சாயங்காலம் வரை பார்ப்போம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நான் என்ன குளியலறைச் சுவரா?"

கேட்டுவிட்டு உள்ளே போனவள் போனில் யாரிடமோ பேசினாள். திரும்பி வந்து, பிரசவ வார்டில் குழாய் ஒழுகுகிறதாம், நர்ஸ் உடனே கூப்பிடுகிறாள் என்றாள். தனியாக இருக்கப் பயம், தானும் வருவதாகச் சொன்னாள். அவருடைய வேலைப் பையைக்கூட அவளே தயாராக வைத்திருந்தாள்.

வார்டு வாசலிலேயே நர்ஸ் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். இவர் ஸ்பானர் எடுக்கப் பையைத் திறந்தார். நைட்டிகள், துண்டு, சீப்பு. அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு குல்லாய். அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

டாக்டரம்மா வெளியே வந்தார். துடைத்துவிட்டு இருமச் சொன்னாராம். தண்ணீர் வந்து தேங்கியதாம். சோதனைக் காகிதமும் நீலமாகிவிட்டது. பனிக்குடம்தான். வலியோ காய்ச்சலோ இல்லை, குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது. அதன் நுரையீரல் முதிர்வதற்காக ஊசி போட்டாயிற்று. பிரசவம் வரை இங்கேதான்.

"நல்லவேளை, தாமதிக்காம கூட்டிட்டு வந்துட்டீங்க."

அவர் குனிந்து தலையாட்டினார்.

கட்டிலருகே போய் அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுல நான் மட்டும் என்ன பண்றது?"

"ரெண்டு பேரா வர்றோம். அதுவரைக்கும் பொறுத்துக்கங்க."

வெளியே வந்தவர் வீட்டுக்குக் கிளம்பவில்லை. நர்ஸிடம் போய், வார்டிலேயே தங்கி எல்லாக் குழாயையும் சும்மாவே சரிபார்த்துத் தருவதாகச் சொன்னார்.

நர்ஸ் நிமிரவில்லை. "இப்படிக் கேப்பீங்கன்னு உங்க வீட்டம்மா போன்லயே சொல்லிட்டாங்க. வேணாம்னு சொல்லச் சொன்னாங்க."