நான்கு புஜங்கள், ஒரு நாற்காலி

கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். பொழுது விடிவதற்குள் சாமியார் வெற்றியாரின் மாளிகை வாசலில் தொடங்கும் வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். வேலை கிடைக்காதவன், வழக்கில் மாட்டியவன், கடையில் ஈ ஓட்டுகிறவன் என்று எல்லோரும் நிற்பார்கள். கன்னம் வீங்கிய பல்வலிக்காரன் ஒருவன் வாரக்கணக்கில் அந்த வரிசையில் நின்றான். அடுத்த வாசலில் பல் மருத்துவர் வேலையில்லாமல் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெற்றியாருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது ஊருக்கும் மறந்துவிட்டது, அவருக்கும் மறந்துவிட்டது. அவருடைய சக்திக்குச் சாட்சி யார் என்று கேட்டால் எல்லோரும் ஒரே ஆளைத்தான் காட்டுவார்கள். எங்கள் எம்.எல்.ஏ.

"எம்.எல்.ஏ.வையே உண்டாக்கின கைப்பா அது! நம்ம பிரச்சனையெல்லாம் அவருக்கு ஜுஜுபி!"

உண்டாக்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். எம்.எல்.ஏ. முதல் தேர்தலில் நின்றார், மண்ணைக் கவ்வினார். சொந்தத் தெருக்காரர்களே அவருக்கு ஓட்டுப் போடவில்லை. அதன் பிறகுதான் வெற்றியார் வந்து அவருடைய வலது புஜத்தில் செப்புத் தாயத்து ஒன்றைக் கட்டினார். வாக்கு எண்ணி முடியும்வரை யாரும் பார்க்கக் கூடாது, கட்டிய மனைவிகூடப் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. எம்.எல்.ஏ. அன்று முதல் முழுக்கைச் சட்டைக்கு மாறினார்.

அடுத்த தேர்தலில் ஜெயித்தார். எதிர்க்கட்சி இரண்டாக உடைந்து, ஒருவர் காலை ஒருவர் வாரி இருவரும் விழுந்தார்கள். அதை யார் பேசுவது? பெருமையெல்லாம் தாயத்துக்குப் போனது. அதற்கடுத்த தேர்தலில் தோற்றார். ஊருக்குள் வெள்ளம் புகுந்தபோது ஐயா வெளிநாட்டில் ஒட்டகத்தின்மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். மக்கள் அதை மறக்கவில்லை. வெற்றியாரின் விளக்கம் வேறு.

"நடுவுல என்னைக்கோ ஒரு நாள் மனசுக்குள்ள சந்தேகப்பட்டிருக்கீங்க."

எம்.எல்.ஏ. யோசித்தார். ஆமாம், ஒரு நாள் பட்டிருந்தார். யார்தான் படமாட்டார்கள்?

போன தேர்தலில் மறுபடியும் வெற்றி. அந்தத் தேர்தலுக்கு முன்புதான் கடைத்தெருவில் சொந்தச் செலவில் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றைக் கட்டித் திறந்துவைத்திருந்தார். அதுவரை வலி கண்ட பெண்கள் குண்டும் குழியுமான சாலையில் அடுத்த ஊருக்கு ஓடவேண்டும். பாதி வழியில் வண்டியிலேயே பெற்றவர்கள் உண்டு, பெறாமலே கண்ணை மூடியவர்களும் உண்டு. அந்தப் பெண்களின் வீடுகள் மொத்தமாக வந்து ஓட்டுப் போட்டன. அந்தப் பெருமையும் தாயத்துக்கே போய்ச் சேர்ந்தது. ஜெயித்தால் தாயத்து, தோற்றால் சந்தேகம். இப்படி நஷ்டமே இல்லாத தொழில் வேறு எங்கே இருக்கிறது?

இப்போது மறுபடியும் தேர்தல். வெற்றியார் புதுத் தாயத்து கட்டினார். பழையதில் சக்தி தீர்ந்துவிடுமாம். கட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"அந்த ஆஸ்பத்திரி வாசல் உங்க கட்சி ஆபீசைப் பாத்து இருக்கு. உள்ள கேக்குற அலறல் எல்லாம் உங்க வெற்றியை உறிஞ்சிக்கிட்டே இருக்கு. தேர்தலுக்கு முன்னாடி மூடிடுங்க."

"கட்டடத்தை என்ன பண்றது?"

"சும்மா போட்டா ஆபத்து. நானே வந்து உக்காந்துக்கறேன். உங்களுக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?"

என்ன தியாகம் பாருங்கள்! கடைத்தெருவில் இரண்டு மாடிக் கட்டடம். நானாக இருந்தாலும் அந்தத் தியாகத்தைச் செய்திருப்பேன்.

அந்த ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் எம்.எல்.ஏ.வின் சொந்த அக்கா. வாரம் ஒருமுறை தம்பிக்கு ரத்த அழுத்தம் பார்க்க வருவார். செய்தி கேட்ட அன்றே கருவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்னடா, ஆஸ்பத்திரியை மூடப் போறியாமே?"

"மூடலைக்கா. இடம் மாத்தறோம்."

"எங்க?"

"அது ஜெயிச்சதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் உன் ரிசல்ட்டுக்காகப் பிள்ளைங்க வயித்துக்குள்ளயே காத்துக்கிட்டு இருக்குமா?"

"உனக்கு அரசியல் புரியாதுக்கா."

"எனக்குப் புரியாது, சரி. கையை நீட்டு. அது இல்ல, வலது கை."

"அதுல வேணாம்க்கா, சுளுக்கு."

அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர். சுளுக்குப் பிடித்த கைக்கும் பயந்த கைக்கும் வித்தியாசம் தெரியாதா? இடது கையில் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கட்சி வேட்பாளர் வந்தார். சினிமாக் கொட்டகை முதலாளி. மகளுக்குப் பிரசவம் என்று வந்தவர், பேத்தியைப் பார்த்ததும் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அக்கா கருவியோடு வந்தார்.

"வலது கையை நீட்டுங்க."

"அதுல வேணாம்மா, சுளுக்கு."

ஒரே தொகுதியில் இரண்டு வேட்பாளர்களுக்கு ஒரே கையில் சுளுக்கு! அக்காவுக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. மீதியை ஊரே பார்க்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் ரத்ததான முகாம் ஒன்று ஏற்பாடு செய்தார். வேட்பாளர்கள் எல்லோருக்கும் அழைப்பு. பத்திரிகைக்காரர்களும் வருகிறார்கள் என்று அழைப்பில் சொல்லியிருந்தார். அதற்குமேல் ஒருவரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

தம்பி வந்தார். கொட்டகைக்காரர் வந்தார். கறுப்புக் கோட்டோடு இன்னொரு கட்சி வேட்பாளரான வக்கீலம்மா வந்தார். சுயேச்சையாக நின்ற குடைக்கடைக்காரரும் வந்தார். நான்கு பேரையும் வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தம்பி போகிற இடமெல்லாம் கூடப்போகும் வெற்றியார் தலைமை விருந்தினராக மேடையில் வீற்றிருந்தார். ஏற்பாட்டைப் பார்த்ததும் அவருடைய நெற்றியில் வியர்த்தது.

அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு சொன்னார். "எல்லாரும் ஒரே நேரத்துல வலது கைச் சட்டையை மேல ஏத்துங்க. அப்பத்தான் போட்டோ நல்லா வரும்."

போட்டோ என்று சொன்ன பிறகு எந்த வேட்பாளர் மறுப்பார்? கேமராக்கள் காத்துக்கொண்டிருந்தன. அடுத்தவர் ரத்தம் கொடுத்து நாம் கொடுக்காமல் போனால் மறுநாள் பத்திரிகை கிழித்துவிடாதா? நால்வரும் பல்லைக் கடித்துக்கொண்டு சட்டைக் கையை மடித்தார்கள். கோட்டைக் கழற்றிவிட்டு வக்கீலம்மாவும் மடித்தார்.

நான்கு புஜம். நான்கு தாயத்து. ஒரே செம்பு, ஒரே சிவப்புக் கயிறு, ஒரே முடிச்சு.

"எனக்கு மட்டும்தான்னு சொன்னாரே!" என்றார் கொட்டகைக்காரர்.

"வெளியில எம்.எல்.ஏ. பக்கம், உள்ளுக்குள்ள உங்க பக்கம்னு என்கிட்ட சொன்னாரு," என்றார் வக்கீலம்மா.

"அதையேதான் என்கிட்டயும் சொன்னாரு!" என்றார் குடைக்கடைக்காரர்.

தம்பி முகம் வெளுத்து வெற்றியாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெற்றியார் எழுந்தார். "எனக்குத் தியான நேரம்." ஆனால் வாசலை மறித்துக்கொண்டு நின்றான் பல்வலிக்காரன். "இருங்க சாமி. இதுக்கு ஒரு பதில் சொல்லிட்டுப் போங்க."

வெற்றியார் லேசுப்பட்டவரா? சட்டென்று குரலை உயர்த்தினார். "இதுல ஒண்ணுதான் நான் கட்டினது! மத்த மூணும் போலி. என் பேரைக் கெடுக்க எவனோ பண்ணின சதி!"

கூட்டம் "அதானே!" என்றது. கூட்டத்துக்கு எப்போதும் ஒரு 'அதானே' கையிருப்பில் இருக்கும்.

"ரொம்ப நல்லது," என்றார் அக்கா. "நிஜம் எதுன்னு நீங்களே எடுத்துக் குடுங்க."

நான்கு தாயத்துகளையும் கழற்றித் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி, யாருடையது என்று எழுதினார். பிறந்த குழந்தைகள் மாறிப்போகாமல் இருக்கக் கையில் சீட்டுக் கட்டுகிறவர் அவர், இதில் தவறுவாரா? கலைத்துப்போட்டு, ஒரு ஸ்டீல் தட்டில் வைத்து நீட்டினார்.

வெற்றியார் குனிந்து பார்த்தார். மூன்று பளபளத்தன. ஒன்று மட்டும் வியர்வையில் கறுத்திருந்தது. வெயிலில் வீடு வீடாக அலைகிறவர் எம்.எல்.ஏ.தானே என்று மனக்கணக்குப் போட்டார். கறுத்ததை எடுத்து உயரத் தூக்கினார்.

"இதோ நிஜத் தாயத்து! இதைக் கட்டினவர்தான் இந்தத் தொகுதியை ஆளப்போறவர்!"

அக்கா அதை வாங்கித் திருப்பிப் படித்தார். "குடைக்கடைக்காரர்."

குடைக்கடைக்காரர் நெளிந்தார். "அய்யய்யோ, நான் காலையிலேயே வாபஸ் வாங்கிட்டேனே! ரத்தம் தர்றதா ஒத்துக்கிட்டேன், அதான் வந்தேன்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது. வெற்றியார் ஆஸ்பத்திரியின் பின்வாசலைக் கண்டுபிடித்துக்கொண்டார். சிரிக்காதவர் அக்கா ஒருவர்தான். வராந்தாவில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணைத் தம்பியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"போன தடவை யாருக்கும்மா போட்டே?"

"இவருக்குத்தான் போட்டேன். என் மூத்த பிள்ளை தலை திரும்பாமக் கிடந்துச்சு. இந்த ஆஸ்பத்திரி இல்லைன்னா அவனும் இல்ல, நானும் இல்ல. அதுக்குத்தான் போட்டேன். இதை மூடினா இனிமே எங்க வீட்டுப் பக்கம் வரவேண்டாம்."

தம்பி மைக்கை வாங்கி, "ஆஸ்பத்திரியை மூடமாட்டோம்," என்றார். அவர் வாழ்க்கையில் பேசிய மிகச் சிறிய பேச்சு அதுதான். அதற்குத்தான் பெரிய கைதட்டலும் கிடைத்தது.

தேர்தல் முடிந்தது. தம்பி ஜெயித்தார். மாளிகை வாசலில் 'வாடகைக்கு' என்ற அட்டை தொங்கியது. பல் மருத்துவருக்கு ஓர் ஆள் வந்தான்.

எல்லாம் சுபம் என்று நான் பேனாவை மூடப்போன நேரத்தில், வெற்றி மாலை வாடுவதற்குள் எம்.எல்.ஏ. அக்காவின் அறைக்குள் நைசாக நுழைந்தார். கதவைச் சாத்தினார். முழுக்கைச் சட்டையை மடித்து வலது புஜத்தை நீட்டினார்.

"அக்கா, யாருக்கும் தெரிய வேண்டாம். அன்னைக்குத் தாயத்துல நீ ஒரு பிளாஸ்டர் ஒட்டினியே, நான் ஜெயிச்சது அதுலதான்னு தோணுது. அடுத்த தேர்தலுக்கும் ஒண்ணு ஒட்டிவிடேன்."

அக்கா தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு துண்டு பிளாஸ்டரைக் கிழித்தார். நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, நடு நெற்றியில் ஒட்டினார்.

"காயம் இங்கதாண்டா இருக்கு. ரொம்ப நாளா உபயோகிக்காம விட்டதுல சீழ் பிடிச்சிருக்கு. தினமும் கொஞ்சம் யோசி, ஆறிடும்."

படித்துவிட்டுச் சிரிக்கிறீர்களா? நல்லது. முதலில் உங்கள் வலது கைச் சட்டையைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள், பார்க்கலாம்.