குப்பையில்லாப் பரிசுக்காரர்

பரிசு கொடுப்பவர்களில் பல வகை உண்டு. கடைசி நேரத்தில் ஓடிப்போய்க் கைக்குக் கிடைத்ததை வாங்கி வருபவர், தனக்கு வந்ததை அப்படியே அடுத்தவர் தலையில் கட்டுபவர், விலைச்சீட்டைக் கிழிக்க மறந்ததுபோல் விட்டுவைப்பவர். இவர்களெல்லாம் சாதுக்கள். இவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. நான் சொல்ல வந்தது டிசம்பர் பிறந்ததும் வெளியே வருகிற வேறோர் இனம். குப்பையில்லாப் பரிசுக்காரர்.

எப்படி அடையாளம் காண்பது? கையைப் பாருங்கள். சணல் கயிறு இருக்கும். நாலைந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், இந்த இனம் இல்லாத ஊர் இல்லை. பனி கொட்டுகிற ஊரிலும் பார்த்தேன், வியர்வை கொட்டுகிற ஊரிலும் பார்த்தேன். பேச்சு மாறும், உடுப்பு மாறும். கயிறு மாறாது.

இவர் கடைக்குப் போனால் பொருளைப் பார்க்கமாட்டார், அதைச் சுற்றியிருப்பதைப் பார்ப்பார். சோப்புக்கு உறை எதற்கு, உறைக்குப் பெட்டி எதற்கு, பெட்டிக்குப் பை எதற்கு என்று விற்பனைப் பெண்ணை நிற்கவைத்துக் கேட்பார். அவள் சோப்பைக் கண்டுபிடித்தவள் இல்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கடைசியில், உறையே இல்லாத சோப்பு நகரத்தின் மறுகோடியில் கிடைக்கிறது என்று யாரோ சொல்ல, மூன்று தடவை காரை எடுத்துக்கொண்டு போய், இரண்டு தடவை கடை பூட்டியிருக்க, மூன்றாம் தடவை ஒரே ஒரு சோப்பை வெற்றிவீரரைப்போல உள்ளங்கையில் ஏந்தி வருவார். பெட்ரோல்? அதைப் பற்றி நாம் கேட்கக்கூடாது.

இந்த இனத்தின் மிகச் சிறந்த மாதிரி எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. என் அண்ணன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். குடும்பத்தில் அவனுக்குப் பெயர் சணல். விளையாட்டாக ஆரம்பித்தது, இப்போது பெற்ற தாயே தொலைபேசியில் "சணல் சாப்பிட்டானா?" என்றுதான் விசாரிக்கிறாள்.

சணலின் பரிசுகள் நீதியானவை. நமக்குப் பிடித்தது எது என்று அவன் யோசிப்பதில்லை, நாம் எதில் தவறு செய்கிறோம் என்று யோசிப்பான். பல்செட் மாட்டியிருக்கும் மாமாவுக்கு ஒரு வருடம் மூங்கில் பல்துலக்கி வந்தது. அம்மாவுக்குக் காய்கறித் தோலை உரமாக்க ஒரு வாளியும் அதற்குள் நூற்றைம்பது மண்புழுவும் வந்தன. எனக்கு ஒரு சீட்டு வந்தது: "இதைக் கொண்டுவருபவரின் ஜன்னல்களை நான் இரண்டு மணி நேரம் துடைத்துத் தருவேன்." அப்போது எனக்கென்று ஜன்னலே கிடையாது. மூட்டை முடிச்சோடு அடுத்தவர் அறையில் படுத்துக்கொண்டிருந்தேன்.

பரிசு சிறிது, அதோடு வரும் விளக்கவுரை பெரிது. அதைவிடப் பெரிது சுற்றியிருக்கும் துணி. சணல் எதையும் காகிதத்தில் சுற்றமாட்டான், பழைய துணியில் சுற்றுவான். நீங்கள் முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருப்பதைப் பார்த்து, முகத்தில் ஒரு மகிழ்ச்சியைத் தேடிக் கொண்டுவருவதற்குள் எதிரே ஒரு கை நீளும்.

"துணி."

"என்னது?"

"துணியைக் குடுங்க. கயிறையும்."

கொடுத்துவிடவேண்டும். தப்பித்தோம் என்று நினைக்கவும் கூடாது. பிப்ரவரியில் வருவான், நம்மைப் பார்க்க அல்ல, பரிசைப் பார்க்க. மாமா அந்த மூங்கில் துலக்கியை வைத்து நெடுநாள் சீப்புக்கு அழுக்கெடுத்தார். இவன் வரும் சத்தம் கேட்டால் மட்டும் அது குளியலறைக் கோப்பைக்குத் தாவும்.

நோக்கம் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிரிக்கிற நானும் வீட்டில் பிளாஸ்டிக் குப்பையை மலைபோல் சேர்த்துவிட்டுத்தான் சிரிக்கிறேன். ஆனால் நல்ல நோக்கத்தோடு ஒருவர் மிக்ஸியைக் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சென்ற கிறிஸ்துமஸில்தான் பார்த்தேன்.

சென்ற வருடம் சணல் ஒரு முடிவுக்கு வந்தான். இனி எதையும் வாங்குவதில்லை. வீட்டில் இருக்கும் பழைய தாளை ஊறவைத்து, அரைத்து, அதில் தக்காளி விதை கலந்து, நட்சத்திர வடிவத்தில் வாழ்த்தட்டை செய்வது. வாழ்த்தைப் படித்ததும் மண்ணில் புதைத்தால் செடி முளைக்கும். குப்பை? பூஜ்யம். பரிசு? ஒரு தோட்டம்.

இங்கே என் அண்ணியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பதினைந்து வருடமாக அதே பள்ளி. அந்த டிசம்பரில் கணக்குத் துறைத் தலைமைப் பதவி காலியாகியிருந்தது. அண்ணிக்கும் இன்னொருவருக்கும் போட்டி. பத்தாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சையின் நாற்பத்திரண்டு விடைத்தாள்களையும் திருத்தி, விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்று காலை தலைமையாசிரியை மேசையில் மதிப்பெண்ணோடு வைக்கவேண்டும். அண்ணி பத்து நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சிவப்புப் பேனா மூன்று தீர, எல்லாவற்றையும் திருத்தி முடித்தார். மதிப்பெண்ணைப் பட்டியலில் ஏற்றுவது மட்டும் பாக்கி. பண்டிகை முடியட்டும் என்று விடைத்தாள் கட்டை ஒரு துணிப்பையில் போட்டு மேசைக்காலில் சாய்த்துவைத்தார்.

ஏன் துணிப்பை? அந்த வீட்டில் வேறு எதுவும் கிடையாது. கோப்புறை பிளாஸ்டிக், தள்ளியாகிவிட்டது. பெட்டி பிளாஸ்டிக், போய்விட்டது. பழைய படுக்கைவிரிப்பு ஒன்றிலிருந்து சணல் தைத்த பதினொரு பைகள், எல்லாம் ஒரே நீலக்கோடு. வெங்காயமும் அதில்தான், சாக்ஸும் அதில்தான், கழிவுத்தாளும் அதில்தான். மேலே ஒரு பெயராவது ஒட்டி வைக்கலாமே என்று அண்ணி ஒருமுறை கேட்டிருக்கிறார். ஒட்டும் சீட்டில் பிளாஸ்டிக் படலம் உண்டு என்று சணல் அரைமணி நேரம் விளக்கினான்.

கழிவுத்தாள் பையும் மேசையடியில்தான் இருந்தது. இனி நான் சொல்லவும் வேண்டுமா?

கிறிஸ்துமஸ் அன்று மதியம் எல்லோரும் அவன் வீட்டுக் கூடத்தில் கூடினோம். கேக் வெட்டியாகிவிட்டது. சணல் ஆளுக்கு மூன்று நட்சத்திரம் விநியோகித்தான். உண்மையைச் சொல்லவேண்டும், அட்டைகள் அழகாக இருந்தன. கனமான தாள், ஓரமெல்லாம் பஞ்சுபோல, மெல்லிய ரோஜா நிறம்.

"என்னங்க, நெஜமாவே அழகா இருக்கு," என்றார் அண்ணி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவனுடைய பரிசு எதையும் பார்த்து அவர் இப்படிச் சொன்னதில்லை. "இந்த கலர் எப்படி வந்துச்சு? பீட்ரூட்டா?"

சணலுக்குத் தலைகால் புரியவில்லை. "எதுவுமே போடல! அரைக்க அரைக்க தானா வருது. இந்தத் தாளும் என்ன தரம் தெரியுமா? மொதல்ல அரைச்சுப் பாத்த நோட்டீஸ் எல்லாம் கொழகொழன்னு போச்சு. இது அப்படியே துணி மாதிரி நிக்குது!"

மாமா தன் நட்சத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "டேய் சணல், என்னோடதுல ஒரு முக்கோணம் இருக்குடா."

"எனக்கு பாதி வட்டம்," என்றாள் அம்மா. "டிசைனா இது?"

அண்ணி தன்னுடையதைத் திருப்பினார். அரைபடாமல் தப்பித்த ஒரு துணுக்கு, விரல்நக அகலம், ஒரு முனையில் ஒட்டியிருந்தது. அதில் சிவப்பு மையில் ஓர் ஏழு. நடுவில் குறுக்குக்கோடு போட்ட ஏழு. அந்த வீட்டில் ஏழுக்குக் குறுக்குக்கோடு போடுகிறவர் ஒருவர்தான்.

அண்ணி மேசையடிக்குப் போனார். இருந்த பையை எடுத்தார். கவிழ்த்தார். மின்சாரக் கட்டண அறிவிப்புகள், பழைய நாள்காட்டி, ஒரு மருந்துக்கடைச் சீட்டு. கழிவுத்தாள் பை பத்திரமாக இருந்தது.

"என்னங்க." குரல் மிக மெதுவாக வந்தது. "எந்தப் பையிலேருந்து எடுத்தீங்க?"

"நீலக்கோடு போட்டதுலேருந்து," என்றான் சணல்.

அந்த நொடியில் அவன் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். பதினொரு பையும் நீலக்கோடு என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு நடந்ததை எந்த நாடகக்காரராலும் மேடையேற்ற முடியாது. மாமா எழுந்து, "யாரும் பயப்படாதீங்க, எல்லா கார்டையும் குடுங்க, சேத்து வெச்சு படிச்சுப் பாத்துடலாம்" என்று தலைமை ஏற்றார். சாப்பாட்டு மேசைமேல் நட்சத்திரங்களைப் பரப்பினோம். சணல் கடையிலிருந்து கண் பரிசோதனைப் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தான். அரை மணி நேரத்தில் நாங்கள் கண்டெடுத்தவை: நான்கு 'சரி' குறிகள், "படம் எங்கே?" என்பதில் "எங்கே?", யாரோ ஒரு பிள்ளையின் பெயரில் கடைசி இரண்டு எழுத்து, நிறையத் தக்காளி விதை.

"இதுல நூத்துக்கு நூறுன்னு இருக்கு!" என்று அம்மா கூவினாள்.

அண்ணி வாங்கிப் பார்த்தார். "அத்தை, அது ஒண்ணும் ரெண்டு விதையும்."

சொல்லிவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். நாங்களும் தைரியமாகச் சேர்ந்துகொண்டோம். பார்த்தால் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, அது எந்த வகைத் தண்ணீர் என்று கேட்க ஒருவருக்கும் துணிவில்லை. "பதினஞ்சு வருஷம்," என்றார். "பதினஞ்சு வருஷத்துல ஒரு பேப்பர் தொலச்சதில்ல நான்." சணல் ஒரு துண்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான்.

பள்ளி திறந்த அன்று அண்ணி ஒரு நட்சத்திரத்தைத் தலைமையாசிரியை மேசைமேல் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். அந்த அம்மாள் அட்டையை இரண்டு பக்கமும் பார்த்தாராம். "மழையில நனைஞ்ச பேப்பர் பாத்திருக்கேன். தம்பி பாப்பா கிழிச்ச பேப்பர் பாத்திருக்கேன். வீட்டுக்காரர் மிக்ஸில அரைச்ச பேப்பர் இப்பதான் பாக்கறேன், டீச்சர்." மறுபரீட்சை வைக்க உத்தரவாயிற்று. ஒரே நிபந்தனை. பிள்ளைகளிடம் அதை அரைத்தவரே வந்து சொல்லவேண்டும்.

போனான். நாற்பத்திரண்டு பேர் முன்னால் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "உங்க விடைத்தாளை எல்லாம் நான் வாழ்த்தட்டை ஆக்கிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றான். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"அங்கிள், ஒரு சந்தேகம்."

"கேளும்மா."

"சயின்ஸ் பேப்பரையும் அரைக்க முடியுமா?"

மேசைகள் அதிரும்படி கைதட்டல். அண்ணி சொல்கிறார், அந்த வகுப்பில் எந்தப் பேச்சாளருக்கும் அப்படிக் கைதட்டியதில்லையாம். மறுபரீட்சையில் பிள்ளைகள் முன்னைவிட நன்றாகவே எழுதினார்கள். ஒரே கேள்வித்தாள் பாணியை இரண்டு முறை பார்த்தால் எழுதமாட்டார்களா?

பதவி? அது அண்ணிக்கே கிடைத்தது. தலைமையாசிரியை காரணமும் சொன்னார். "இந்த மனுசனோட பன்னெண்டு வருஷம் குடும்பம் நடத்தினவங்களுக்கு, அஞ்சு கணக்கு வாத்தியாரை நடத்தறது பெரிய விஷயமா?"

பதவி கிடைத்த அன்று மாலை சணல் தானாகவே கடைக்குப் போனான். சோப்புக் கடைக்கு அல்ல. திரும்பி வந்தபோது கையில், ஆமாம், ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பெட்டி, நான்கு பக்கமும் கொக்கி, முன்னால் பெயர் எழுத இடம், ஒரு பூட்டு. எதிலும் சுற்றாமல் அப்படியே கொண்டுவந்து மேசைமேல் வைத்தான்.

"புதுசா வாங்கினீங்களா?" என்று அண்ணி நம்பமுடியாமல் கேட்டார்.

"சேச்சே. பழைய சாமான் கடையில. முன்னாடி யாரோ பூனைக்கு சாப்பாடு வெச்சிருந்தாங்களாம்." கொஞ்சம் தயங்கினான். "ஆனா பூட்டு புதுசு."

அண்ணி பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு அடுத்துத் திருத்தவேண்டிய விடைத்தாள்களை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். இன்னொரு சாவி எங்கே என்று சணல் கேட்டான். அண்ணி கைப்பையை இழுத்து மூடினார். அது என்னிடம் இருக்கிறது.

நீங்கள் இதையெல்லாம் படித்துவிட்டு, நமக்குத் தெரிந்த யாரோ ஒருவர் அப்படியே இருக்கிறாரே என்று சிரித்துக்கொண்டிருப்பீர்கள். சிரியுங்கள். அதற்குமுன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். சத்தமில்லாமல் எழுந்து உங்கள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவாருங்கள். நீங்கள் அறைக்குள் நுழையும்போது யாராவது மேசைமேல் கிடக்கும் தாள்களை, அவசரமே இல்லாததுபோல, மார்போடு அணைத்துக்கொள்கிறார்களா? அலமாரியின் மேல்தட்டில், உங்களிடம் சாவி இல்லாத பெட்டி ஏதாவது இருக்கிறதா? இருந்தால், அதில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிடாதீர்கள்.

உங்களிடமிருந்து தப்பித்தவை இருக்கின்றன.