டிக்கி ஆன்ட்டியின் உடைசல் பெட்டி

அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் இன்றைக்கு மிடுக்காகக் கார் ஓட்டிப் போகும் தமிழ்ப் பெண்களில் பாதிப் பேர், ஒரு காலத்தில் டிக்கி ஆன்ட்டியின் வண்டியில் எதையாவது உடைத்தவர்கள். மீதிப் பாதி, உடைத்ததை வெளியே சொல்லாதவர்கள். நான் முதல் வகை. என் கணக்கில் வலது பக்கத்துக் கண்ணாடி ஒன்று, அடுத்த வீட்டுத் தபால் பெட்டி ஒன்று.

ஆன்ட்டிக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம். சொந்தப் பெயரில் அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவருடைய பழைய சாம்பல் நிற வண்டியின் டிக்கியில் நீல நிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் நொறுங்கிய சைடு கண்ணாடி, டெயில் லைட்டின் சிவப்புச் சில்லு, பம்பரின் மூலை, இரண்டாகப் பிளந்த வீல் கேப் என்று ஒரு குட்டி மெக்கானிக் ஷாப்பே கிடக்கும். எல்லாம் அவரிடம் வண்டி பழகியவர்கள் உடைத்தது. ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பெயரும் தேதியும் எழுதி வைத்திருப்பார். பிரசவ வார்டில் குழந்தையின் கையில் கட்டுகிற சீட்டு மாதிரி இருக்கும். டிக்கியில் இடமே கிடையாது என்பதால் அவர் வாங்கும் அரிசி மூட்டை பின் சீட்டில், சீட் பெல்ட் போட்டுக்கொண்டுதான் வரும்.

அங்கிளுக்கு, அதாவது அவர் கணவருக்கு, இதில் தீராத வருத்தம். எதையும் துடைத்து அடுக்கி வைக்கும் மனிதர் அவர். குப்பை வண்டி வரும் நாளில் அந்தப் பெட்டியை இரண்டு தடவை வெளியே வைத்துப் பார்த்தாராம். இரண்டு தடவையும் ஆன்ட்டி நைட்டியோடு ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஒரு நவராத்திரிக்கு ஆன்ட்டி அந்த உடைசல்களைக் கொலுவின் கீழ்ப் படியில் அடுக்கியிருந்தார். கொலு பார்க்க வந்த டாக்டர் வீட்டு அம்மா ஒருவர், செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் தன் பெயர் போட்ட டெயில் லைட்டைப் பார்த்துவிட்டுச் சுண்டல்கூட வாங்காமல் போய்விட்டார். ஆன்ட்டி அசரவில்லை. ஆயுத பூஜையன்று காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தபோது பெட்டியில் இருந்த ஒவ்வொரு சில்லுக்கும் வைத்தார். வண்டிக்கு எத்தனை பெரிய பொட்டோ, சில்லுக்கும் அத்தனை பெரிய பொட்டு.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்த கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. கரூரில் நான் பதினான்கு வருடம் கணக்கு டீச்சர். படித்த காலத்தில் இரண்டாம் ரேங்க் வாங்கினதில்லை. ஃபெயில் என்பது நான் அடுத்தவர்களுக்குப் போடுகிற சமாசாரம். இங்கே வந்து, வேலை பார்க்க அனுமதியில்லாமல் ஆறு வருடம் வீட்டிலிருந்தேன். ஒருவழியாக வொர்க் பர்மிட் வந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் கணக்குப் பாடத்துக்கு உதவி ஆசிரியராக எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது நானே வந்து போக வேண்டும். பஸ் கிடையாது. கணவர் காலை ஆறு மணி ரயிலுக்கு ஓடுகிறவர். ஆகஸ்டுக்குள் லைசென்ஸ் வாங்கவில்லையென்றால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

முதல் ரோடு டெஸ்ட் அன்று கணவர் பக்தியோடு நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். நாலும் ஒன்றாக நசுங்கிய சத்தத்தில் டயர் வெடித்துவிட்டதென்று நினைத்து, வண்டியை டெஸ்ட் மைதானத்தின் வாசலிலேயே நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவிட்டேன். ஃபெயில்.

இரண்டாவது தடவை வண்டியை ஓரங்கட்டும்போது பின்னாலிருந்த ஆரஞ்சு நிறக் கூம்பில் டப்பென்று இடித்துவிட்டது. எதன் மீதாவது கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நமக்கு ஊறிப்போன பழக்கமல்லவா? பதற்றத்தில் இறங்கிப் போய்க் கூம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நியூட்ரலில் விட்டுவந்த வண்டி, உள்ளே உட்கார்ந்திருந்த டெஸ்ட் அதிகாரியைச் சுமந்துகொண்டு சாவகாசமாக நகர ஆரம்பித்தது. ஃபெயில். மூன்றாவது தடவை எந்தச் சத்தமும் வந்துவிடக் கூடாது என்பதற்காக சைக்கிள் வேகத்தில் ஓட்டினேன். பின்னால் ஏழு வண்டிகள் சாமி ஊர்வலம் மாதிரி வந்தன. அதுவும் ஃபெயில்.

ஹாலில் என் சான்றிதழ்கள் எல்லாம் ஃபிரேம் போட்டுத் தொங்கிக்கொண்டிருக்க, மூன்று ஃபெயில் சீட்டுகளையும் மடித்து ரவை டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று கணவர் ஆறுதல் சொன்னார். எனக்கோ இனி வெளியே தலைகாட்டவே பிடிக்கவில்லை. வேலை வேண்டாமென்று பள்ளிக்கு மெயில் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். அப்போதுதான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் டிக்கி ஆன்ட்டி வாசலில் வந்து நின்றார். தோற்றவர்கள் பட்டியல் எப்படியோ அவருக்குப் போய்விடும்.

"மூணு தடவையா கண்ணு? நான் ஏழு. வா, செருப்ப மாட்டு."

ஆன்ட்டியின் பாடமுறையில் பாராட்டும் கிடையாது, திட்டும் கிடையாது. பிரேக் போட்டால் டிக்கியில் பெட்டி கடகடவென்று சத்தம் போடும். நான் ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போட்டு ஐயோ என்பேன். அவர் பாட்டுக்கு நிலக்கடலை உரித்துக்கொண்டிருப்பார். நாலாம் நாள், அவர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுத் தபால் பெட்டியை ஒரு கண்ணாடியோடு சேர்த்துப் பெயர்த்தேன். அந்த வீட்டுக்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு அது நாலாவது தபால் பெட்டியாம்.

ஆன்ட்டி இறங்கினார். கண்ணாடித் துண்டுகளைச் செய்தித்தாளில் பொறுக்கினார். கைப்பையிலிருந்து மாஸ்கிங் டேப்பை எடுத்து, "இனிஷியல் போடணுமா கண்ணு?" என்றார்.

நான் அங்கேயே அழுதுவிட்டேன். தூக்கிப் போடுங்கள் ஆன்ட்டி, என் பெயரோடு இதை வைத்திருக்காதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் டிக்கியைத் திறந்து, அதன் விளிம்பில் என்னை உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார்.

அவர் ஒரு யூதக் கோயில் நடத்தும் மழலையர் பள்ளியில் ஆயா வேலை பார்த்தவர். ஆறாவது தடவை ஃபெயில் ஆன அன்று, அழுத முகத்தோடு பிள்ளைகளுக்கு ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாராம். அந்தக் கோயிலின் குருவம்மா, ராபி என்பார்கள், பிள்ளைகளுக்கு மோசஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கடவுளே எழுதிக் கொடுத்த கற்பலகைகளை மோசஸ் மலையிலிருந்து கொண்டுவருகிறார். கீழே ஜனங்கள் செய்த கூத்தைப் பார்த்துக் கோபத்தில் போட்டு உடைத்துவிடுகிறார். மறுபடி மலையேறிப் போய் வேறு இரண்டு பலகைகள் கொண்டுவருகிறார். அங்கே ஒரு வாண்டு, உடைந்ததை எந்தக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள் என்று கேட்டதாம்.

"குப்பையில போடலையாம் கண்ணு. நல்ல பலகைய வைக்கத் தங்கத்துல பெட்டி பண்ணாங்கல்ல, அதே பெட்டிக்குள்ளதான் உடைஞ்சதையும் வச்சாங்களாம். அப்படித்தான் அவங்க பெரியவங்க சொல்லி வச்சிருக்காங்க. நாம என்ன பண்ணுவோம்? சாமி படத்துல கண்ணாடி விரிசல் விட்டாலே கொண்டுபோய் மரத்தடியில வச்சுட்டு வந்துருவோம். அவங்க ரெண்டையும் ஒண்ணா பாலைவனம் பூரா தூக்கிட்டுப் போயிருக்காங்க."

எனக்குள் இருந்த கணக்கு டீச்சர் சும்மா இருக்கவில்லை. சுமை இரண்டு மடங்காகுமே, கனக்காதா என்று கேட்டேன்.

"கனக்கத்தான் செய்யும். கனக்காதுன்னு யாரு சொன்னா? நானும் ராபிட்ட அதையேதான் கேட்டேன். அவங்க ஒண்ணு சொன்னாங்க. மொதப் பலகை கடவுள் செதுக்குனது, அது உடைஞ்சு போச்சு. ரெண்டாவத நீயே செதுக்கிக் கொண்டான்னு மோசஸ்கிட்ட சொல்லிட்டாரு. அதுதான் கடைசி வரைக்கும் நின்னுச்சு." பிறகு, "ரவை டப்பால இருக்கறத எடுத்துட்டு வா. அதுவும் பெட்டில கெடக்கட்டும்" என்றார். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவருடைய ஏழு சீட்டுகளும் ஒரு ரவை டப்பாவில்தான் இருந்தனவோ என்னவோ.

அன்று வீட்டுக்கு வந்ததும் பள்ளிக்கு எழுதி வைத்திருந்த மெயிலை அழித்தேன். அப்புறம் மூன்று வாரம், மழையானாலும் வெயிலானாலும் தினமும் ஓட்டினேன். தேர்வன்று அங்கிள் பெட்டியை வீட்டில் இறக்கி வைக்கச் சொன்னார். ஆன்ட்டி மறுத்துவிட்டார். எனக்கும் அதை இறக்க மனம் வரவில்லை.

அந்த நாலாவது டெஸ்டில் எல்லாம் ஒழுங்காகவே போனது. கூம்பைத் தொடாமல் ஓரங்கட்டினேன். கடைசித் திருப்பத்தில் ஒரு காட்டு வாத்து, பின்னால் ஆறு குஞ்சுகளோடு, கல்யாண ஊர்வலம் மாதிரி சாலையில் இறங்கியது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். டிக்கியில் பதினைந்து பெண்களின் உடைசலும் ஒருசேர இடிந்து விழுந்தது. பதறிக் கதவைப் பிடித்துக்கொண்டவர் அதிகாரிதான். என் கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. இதைவிடப் பெரிய சத்தமெல்லாம் எனக்குப் பழகிவிட்டிருந்தது. ஏழு வாத்துகளும் கடக்கும் வரை காத்திருந்தேன்.

பின்னால் என்ன வைத்திருக்கிறாய் என்று அதிகாரி கேட்டார். பழகும்போது நானும் என் தோழிகளும் உடைத்தவை என்றேன். சீட்டில் எதையோ எழுதினார். பாஸ்.

ஆன்ட்டியிடம் ஓடிவந்து சொன்னேன். அவர் முதலில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, புதிதாக ஏதாவது உடைந்திருக்கிறதா என்று பார்த்தார். இல்லையென்றதும் அவர் முகத்தில் லேசாக ஓர் ஏமாற்றம் தெரிந்தது. அதை நான் சத்தியமாகப் பார்த்தேன்.

போன வருடம், மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாமென்று அவர்கள் டெக்சாஸில் கேட்டி என்ற ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். கிளம்பும்போது என் கண்ணாடியையாவது கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டேன். முடியாதென்றுவிட்டார். வண்டியில் இடமில்லாமல் அங்கிளின் இரண்டு சூட்கேஸ்களைக் கூரியரில் அனுப்பினார்கள். நீலப் பெட்டி மட்டும் டிக்கியில் போயிற்று.

சென்ற வாரம் காலையில் நான் பள்ளி பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தும்போது ஆன்ட்டியிடமிருந்து போன் வந்தது. கேட்டியில் வண்டி ஓட்டிக்கொண்டே ஸ்பீக்கரில் பேசினார். அங்கே ஏதோ சிக்னலில் பிரேக் போட்டிருக்க வேண்டும். பின்னால் கடகடவென்று கேட்டது.

"கேட்டுச்சா கண்ணு? மொதல்ல விழுந்தது உன்னோடதுதான்."

அன்று முதல் பீரியடுக்கு நான் இரண்டு நிமிடம் தாமதமாகத்தான் போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.